நல அரசு எப்படி உருவானது, நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஒரு முனையை பிரிட்டிஷார் ஆண்டார்கள், மறுமுனையை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். இன்றும் ரேஷன், முதியோர் பென்ஷன், பள்ளிச் சாப்பாடு என்று எதை எடுத்தாலும் கன்னியக்கோயில் எல்லையைத் தாண்டினால் விதி மாறிவிடுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், தொழிற்சங்கத் தோழர்கள், பென்ஷனுக்கு அலையும் பெரியவர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நல அரசு என்றால் சுருக்கமாக என்ன?

நோய், முதுமை, வேலையிழப்பு, விபத்து, பிள்ளைப்பேறு ஆகியவை யாருக்கும் வரும். அப்படி வரும்போது அந்தக் குடும்பம் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தன் கடமை என்று சட்டம் போட்டு ஏற்றுக்கொண்ட அரசுதான் நல அரசு. முக்கியமானது சட்டம் என்ற சொல். தாசில்தார் நல்லவராக இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது என்றால் அது நல அரசு ஆகாது.

ஏழைக்குச் சோறு போடுவது நம் ஊரில் எப்போதும் இருந்ததுதானே? இதில் புதிதாக என்ன?

இருந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வந்தவர் யார், என்ன சாதி, ஏன் பசிக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதே காலத்தில் அரசாங்கம் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால்தான் வேறுபாடு புரியும். இங்கிலாந்தில் 1834-ல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். உதவி வேண்டுமென்றால் ஏழையர் இல்லத்துக்குள் போக வேண்டும். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவன் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. இல்லாவிட்டால் எல்லோரும் உதவி கேட்டு வந்துவிடுவார்களாம்.

இந்த எண்ணம் கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, செலவைக் குறைக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று 1877-ல் விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். இறந்தவர்கள் லட்சக்கணக்கில். பஞ்சத்துக்குப் பிறகுதான், 1880-களில், பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் வந்தன. பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த முதல் ஏற்பாடு இங்கே அதுதான்.

ஆகத் தருமம் என்றோ இருந்தது. அரசு உதவியும் இருந்தது, ஆனால் அது தண்டனை மாதிரி இருந்தது. அவமானப்படாமல், கேட்டு வாங்கும் உரிமையாக உதவி பெறலாம் என்பதுதான் புதிது.

முதலில் தொடங்கியது ஜெர்மனி என்கிறார்கள். பிஸ்மார்க் பெரிய ஏழைப்பங்காளரா?

இல்லை. ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்த அவர் முடியாட்சிக்காரர், நிலப்பிரபு. 1878-ல் சோசலிஸ்ட் கட்சியின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்தவர் அவர்தான். தடை போட்டும் தொழிலாளிகள் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அரசை நம்பி இருந்தால் தனக்கும் ஏதோ கிடைக்கும் என்று தொழிலாளி நினைக்க வேண்டும், அப்போதுதான் புரட்சி வராது என்று கணக்குப் போட்டார். அப்படித்தான் 1883-ல் நோய்க் காப்பீடு, 1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் முதுமை – ஊனக் காப்பீடு வந்தன.

நோய்க் காப்பீட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். முதுமை பென்ஷன் 70 வயதில். அந்த வயதை அன்று எட்டியவர்கள் கொஞ்சம்தான்.

இந்த ஏற்பாட்டின் முத்திரை இன்றும் நம் சம்பளச் சீட்டில் இருக்கிறது. சிப்காட்டில் வேலை செய்யும் தம்பியின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 விழுக்காடு போடுகிறது. பி.எஃப்.பும் அப்படித்தான். வேலையில் இருப்பவன் சந்தா கட்டுகிறான், கட்டியவனுக்குப் பலன். வேலையில் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

பிரிட்டன் ஏன் வேறு வழியில் போனது?

அங்கே 1908-ல் வந்த முதியோர் பென்ஷனுக்குச் சந்தா கிடையாது. 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, வரிப்பணத்திலிருந்து. 1909 ஜனவரி 1 அன்று தபால் நிலையங்களில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஏழையர் இல்லத்தின் வாசலை மிதிக்காமல் தபால் ஆபீசில் போய்ப் பணம் வாங்கலாம் என்பது அந்தக் கிழவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! பிறகு நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து 1911-ல் சந்தா முறைக் காப்பீட்டையும் கொண்டுவந்தார்.

பெரிய திருப்பம் இரண்டாம் உலகப்போர். குண்டு விழும்போது பணக்காரன், ஏழை என்று பார்த்து விழவில்லை. ரேஷன் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த மனநிலையில் 1942 டிசம்பரில் சமூகக் காப்பீடு பற்றிப் பொருளாதார அறிஞர் வில்லியம் பெவரிட்ஜின் அறிக்கை வந்தது. அவர் பிறந்தது வங்காளத்தின் ரங்கபூரில். வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை என்ற ஐந்து அரக்கர்களை ஒழிக்க வேண்டும் என்றார். அரசாங்க அறிக்கையை வரிசையில் நின்று வாங்கினார்கள் மக்கள். 1945 தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்தது. சுரங்கத் தொழிலாளியாக இருந்த அனூரின் பெவன் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5 முதல் யாரும் பணம் கொடுக்காமல் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது.

அந்த மருத்துவ ஏற்பாட்டில் நோயாளியிடம் சந்தா ரசீதும் கேட்பதில்லை, ஏழ்மைச் சான்றிதழும் கேட்பதில்லை. நம் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோமே, அந்த முறைக்கு நெருக்கமானது அது.

பிரான்ஸ்? புதுச்சேரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1936 மே மாதம் பிரான்சில் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. தொழிற்சாலைகளைத் தொழிலாளிகள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜூனில் உடன்பாடு வந்தது. அதைத் தொடர்ந்து வாரம் 40 மணி நேர வேலைக்கும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறைக்கும் சட்டம் போட்டார்கள். அதே கொடி பறந்த புதுச்சேரியில், சவானா, ரோடியர், பாரதி மில்களில் வேலை நேரத்துக்கு எல்லையே இல்லை. சங்கம் வைக்க உரிமை இல்லை. இங்கேயும் வேலைநிறுத்தம். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்தச் சாவு பாரிஸ் வரை கேட்டது. தொழிற்சங்கத் தலைவர் வ.சுப்பையா பிரான்சுக்குப் போய் வாதாடினார். 1937-ல் புதுச்சேரிக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை இரண்டும் கிடைத்தன. எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவின் 1934 தொழிற்சாலைச் சட்டப்படி, வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். கடலூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஏஎஃப்டி மில்லின் நீண்ட மதிலைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பழைய ரோடியர் மில்.

பிரான்சின் முழு ஏற்பாடு 1945 அக்டோபரில் வந்தது. நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடியவர்கள் முந்தைய ஆண்டே திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். பியர் லரோக் என்ற அதிகாரியும் அம்புரோஸ் குருவாசா என்ற உலோகத் தொழிலாளி அமைச்சரும் அதைச் சட்டமாகவும் கட்டடமாகவும் ஆக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே காப்பீடு என்றுதான் தொடங்கினார்கள். ரயில்வேக்காரர், சுரங்கத்தார், விவசாயி எல்லோரும் ஏற்கெனவே வைத்திருந்த தனித்தனி நிதிகளை விட மறுத்தார்கள். அதனால் பிரான்சில் இன்றும் பல நிதிகள், பல விதிகள். பிள்ளைகளுக்கான படி அங்கே தாராளம். முதல் போரில் ஒரு தலைமுறை இளைஞர்களை இழந்த நாடு, மக்கள்தொகை குறைகிறதே என்ற பயத்தில் 1932-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர்கள் இருக்கிறார்களே, அது எப்படி?

பிரெஞ்சுப் படையிலோ அரசுப் பணியிலோ இருந்தவர்கள், அவர்களின் விதவைகள். இந்தோசீனா, அல்ஜீரியா வரை போய்ச் சண்டை போட்டவர்கள் நம் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் ஆட்சி சட்டப்படி இந்தியாவுக்கு மாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தந்தார்கள். சில ஆயிரம் பேர் வைத்துக்கொண்டார்கள்.

நான் கண்ணால் பார்த்த இரண்டு விண்ணப்பங்களைச் சொல்கிறேன். ஒன்று, புதுச்சேரியில் ஒரு சொல்தாவின், அதாவது பிரெஞ்சுப் படைவீரராக இருந்தவரின், மனைவி, எண்பது தாண்டியவர். ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொடுத்தால் போதும். இன்னொன்று, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு ஆயா. ஓ.ஏ.பி. என்ற முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித்தரச் சொன்னார். ஆதரவற்றவர் என்று எழுத வேண்டும். அவருக்கு மகன் இருக்கிறான், பெயிண்டர், தன் பிள்ளைகளுக்கே வழியில்லாதவன். “எம் பையன் என்னைப் பாக்கலன்னு எழுதணுமா சாமி? அவன் பாக்கறானே, முடிஞ்ச மட்டும்,” என்று கேட்டுவிட்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறார். இன்னொருவர் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்து ஆதரவின்மையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நாடுகளுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டில் எனக்கு முதலில் உறுத்துவது தொகை இல்லை, இதுதான்.

ஸ்வீடன், டென்மார்க் மாதிரி நாடுகளில் எல்லாம் எப்படி அவ்வளவு நன்றாக நடக்கிறது?

பணக்கார நாடு, சின்ன நாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ஸ்வீடன் தொடங்கும்போது பணக்கார நாடு இல்லை. அங்கிருந்து லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காலம் அது.

காரணத்தை வயலில் தேட வேண்டும். அங்கே சிறு விவசாயிகள் அதிகம், அவர்களுக்கென்று கட்சியும் இருந்தது. விவசாயிக்கு முதலாளி கிடையாது, அவனுக்காகச் சந்தா கட்ட ஆள் இல்லை. ஜெர்மன் முறை வந்தால் நகரத் தொழிலாளிக்கு மட்டும்தான் பலன் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் 1913-லேயே எல்லோரையும் சேர்த்த பென்ஷன் வந்தது. 1933-ல் பொருளாதார மந்தத்தின் நடுவே சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயிகள் கட்சியும் பேரம் பேசின. விவசாயிக்கு வெண்ணெய் விலைக்குப் பாதுகாப்பு, தொழிலாளிக்கு வேலையின்மை நிவாரணம். மாட்டு வியாபாரம் என்று அந்த ஊர்க்காரர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கூட்டணிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

பெண்கள் வேலைக்குப் போவதற்கு ஏற்றபடி குழந்தைக் காப்பகங்களை அரசே நடத்தியது அடுத்த கட்டம். 1974-ல் பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தகப்பனும் எடுக்கலாம் என்று மாற்றினார்கள்.

அமெரிக்கா அவ்வளவு பணக்கார நாடு. அங்கே ஏன் ஆஸ்பத்திரி பில்லால் குடும்பம் திவாலாகிறது?

1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோர் பென்ஷன் வந்தது, மருத்துவம் வரவில்லை. பண்ணைத் தொழிலாளிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே விட்டார்கள். தென்மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்த வேலை அதுதான். காங்கிரஸ் என்ற அவர்கள் நாடாளுமன்றத்தில் தென்மாநில உறுப்பினர்களின் பிடி பலமாக இருந்தது. யாரோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டோம் என்று நினைக்கிறார்களோ அவர்களோடு ஒரே நிதியில் பணம் போடவும் மாட்டார்கள். நமக்கு இது புரியாத விஷயமில்லை.

மருத்துவக் கதை வேறு. 1942-ல் போர்க்காலத்தில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆளைப் பிடிக்கச் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்தன கம்பெனிகள். தற்காலிகமாக வந்தது நிலைத்துவிட்டது. 1965-ல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் மட்டும் அரசு ஏற்பாடு வந்தது. இடையில் இருப்பவர் வேலை போனால் காப்பீடும் போய்விடும்.

இவற்றை வகைப்படுத்தியிருக்கிறார்களா? தேர்வுக்கு வேண்டும்.

டென்மார்க் அறிஞர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-ல் மூன்று வகை சொன்னார். சந்தையை நம்பி ஏழைக்கு மட்டும் உதவுவது தாராளவாத வகை: அமெரிக்கா. வேலை, சந்தா, குடும்பத் தலைவரை வைத்து நடப்பது பழமைவாத வகை: ஜெர்மனி, பிரான்ஸ். குடிமகன் என்பதாலேயே கொடுப்பது சமூக ஜனநாயக வகை: ஸ்வீடன். பெண்கள் வீட்டில் சம்பளமில்லாமல் செய்யும் பராமரிப்பு வேலை அந்தக் கணக்கில் சரியாக வரவில்லை என்று பெண்ணிய ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். நியாயமான எதிர்ப்பு.

இந்தியா இதில் எங்கே வருகிறது?

எந்தப் பெட்டியிலும் அடங்காது. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948, பி.எஃப். சட்டம் 1952. இரண்டும் ஜெர்மன் சாயல். நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் இருப்பவர்களுக்கானவை. நெய்வேலியில் போய்ப் பாருங்கள்: நிரந்தரத் தொழிலாளிக்குக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் உண்டு. அதே நிலக்கரிப் புழுதியில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார். நாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த வட்டத்துக்கு வெளியேதான்.

வெளியே இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு ஒரு வழி கண்டுபிடித்தது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தினம் ஒரு மேஸ்திரி. முதலாளி பங்கை யாரிடம் கேட்பது? கட்டடத்திடமே கேள் என்றார்கள். கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டை வாங்கி நலவாரியத்தில் போடுவது. 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் வாரியம் இங்கே வந்தது. இந்திய அளவிலான சட்டம் 1996-ல்தான். கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு இன்னொன்று தெரியும். மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு, மீன்வரத்து குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம். பிஸ்மார்க் கேட்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

ரேஷன் விஷயத்தில் கடலூரும் புதுச்சேரியும் ஏன் வேறு?

1997-ல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனி விலை என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்க மறுத்து, எல்லோருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. 2011 முதல் அரிசி இலவசம். புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்கே 2015 செப்டம்பரில் மத்திய அரசின் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று மாற்றினார்கள். பணம் வந்தால் வேண்டியதை வாங்கலாமே என்பது பொருளாதார வாதம். ஆனால் பெண்கள் அரிசிதான் கேட்டார்கள். அரிசி வீட்டுக்குள் வந்தால் உலையில்தான் போகும், விலை ஏறினாலும் கிலோ குறையாது. 2024-ல் அங்கே ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன.

புதுச்சேரிக்குச் சாதகமான இடமும் உண்டு. முதியோர் உதவித்தொகை அங்கே 55 வயதிலேயே தொடங்குகிறது, தொகையும் தமிழ்நாட்டைவிட அதிகம்.

“இலவசம் கொடுத்துக் கொடுத்தே மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்” என்கிறார்களே?

1834-ல் இங்கிலாந்தில் சொன்ன அதே வாதம். 1877-ல் டெம்பிள் சொன்னதும் இதுதான்.

பள்ளிச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது பலர் உடல் தகுதியில்லாமல் போனதைப் பார்த்துப் பயந்த பிரிட்டன், 1906-ல் பள்ளிகளில் சாப்பாடு போட அனுமதித்துச் சட்டம் போட்டது. சென்னை மாநகராட்சி 1920-களில் தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-ல். காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோக ஆரம்பித்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவாக விரித்தார். முட்டை பின்னால் வந்தது, 2022-ல் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு முறையும் வீண்செலவு என்று யாராவது சொன்னார்கள். அந்தத் தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள்தான் இன்று நம் ஊர் நர்ஸும் வாத்தியாரும் என்ஜினீயரும்.

தேர்தலுக்கு முன் கொடுக்கும் மிக்ஸியையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிக்ஸி ஒரு முறை கொடுப்பது. காய்ச்சல் வந்தால் மருந்து, முதுமையில் பணம், பிள்ளைக்குச் சோறு ஆகியவை யார் ஆட்சிக்கு வந்தாலும் தொடர வேண்டியவை.

வரி கட்டுபவன் ஒருவன், சாப்பிடுபவன் ஒருவனா?

வருமான வரியை மட்டும் வரி என்று நினைப்பதால் வரும் கேள்வி. சோப்பு வாங்கும் சித்தாளும் செல்போன் ரீசார்ஜ் செய்யும் மீன்காரம்மாவும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் பொருள்கள்மீது பொதுவான வரி 25 விழுக்காடு. ஏழையும் அதைக் கட்டுகிறார். எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோருக்கும் ஏதோ ஒன்று திரும்பி வருகிறது. அதனால் அங்கே வரிக்கு எதிர்ப்பு குறைவு.

உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுத்தால் பணம் மிச்சமாகுமே?

காகிதத்தில் மிச்சமாகும். ஆனால் யார் உண்மையான ஏழை என்று தேடுவதற்கே ஆள், நேரம், சான்றிதழ், லஞ்சம். தேடும்போது எங்கள் ஆயா மாதிரி ஆட்கள்தான் முதலில் விடுபடுவார்கள். இன்னொன்றும் உண்டு. நடுத்தர வர்க்கம் பயன்படுத்தாத ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேரானால் கேட்க ஆள் இருக்காது. வக்கீலும் ஆசிரியரும் வரிசையில் நிற்கும் இடத்தில் சத்தம் வரும், வேலை நடக்கும். பிரிட்டனின் மருத்துவ ஏற்பாட்டில் எந்தப் பிரதமராலும் எளிதில் கைவைக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

ஒருநாள் இதையெல்லாம் நிறுத்திவிடுவார்களா?

நேரடியாக நிறுத்துவது கடினம். பிரான்சில் 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கச் சட்டம் போட்டபோது பல லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். சத்தமில்லாமல் தேயவிடுவதுதான் எளிது. முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2006-ல் வைத்த தொகை அது, இன்றுவரை ஏறவில்லை. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023 முதல் 1,200 ஆகக் கொடுக்கிறது. சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை, திட்டத்தை யாரும் மூடவில்லை. ஆனால் 2006-ல் 200 ரூபாய்க்கு வந்த அரிசி இன்று வராது. அரசு ஊழியரின் அகவிலைப்படி மாதிரி முதியோர் பென்ஷனையும் விலைவாசியோடு கட்டிவைக்கும் சட்டம் நமக்கு இன்னும் இல்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கடலூரிலும் புதுச்சேரியிலும் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.